கொடையும் கடனும்

மட்டக்குளியில் இலவசம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. களனி கங்கை பெருகிக் கரைகடக்கும் காலத்தில், 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்திலே கொழும்பின் தாழ்நிலங்கள் கண்டதைப்போல, நிவாரணப் பொதி வந்துசேரும். அரிசியும் பருப்பும் சீனியும் அடங்கிய அப்பொதியைப் பெறுபவன் வரிசையில் நிற்கவேண்டும், பெயர் பதியவேண்டும், கொடுப்பவரின் புன்னகைக்குப் பக்கத்தில் தன் முகத்தையும் நிறுத்திப் படமெடுக்க இசையவேண்டும். இது ஒருவகை இலவசம். அதே மட்டக்குளியில், காலை ஏழரை மணிக்கு முன்னர், துறைமுகத் தொழிலாளியின் மகளும் தையற்காரரின் மகனும் வெண்சீருடை அணிந்து பாடசாலை வாயிலுக்குள் நுழைகிறார்கள். அதுவும் இலவசமே. ஆயினும் அங்கே எந்தப் பிள்ளையும் கைகட்டி நின்று நன்றி கூறுவதில்லை. கூறவேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. தன் வீட்டுக்குள் நுழைவதைப்போல அப்பிள்ளை நுழைகிறது.

முன்னது கொடை, பின்னது உரிமை. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவதனால் எத்தனையோ மயக்கங்கள் விளைகின்றன. அம்மயக்கத்தை, நம் மாணவர் பலர் தொட்டுப் பழகிய ஒரு கருவியை முன்வைத்து ஆராய விரும்புகிறோம். பாஸ்கல் என்னும் கணினி மொழிக்குரிய கட்டற்ற தொகுப்பியே அக்கருவி. ஃப்ரீ பாஸ்கல் என்பது அதன் பெயர். க.பொ.த. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலே, நிரலாக்கத்தின் அரிச்சுவடியைப் பாஸ்கல் மொழியில் பயின்ற பிள்ளைகள் இத்தீவில் தமிழிலும் சிங்களத்திலும் பல்லாயிரவர். அவர்களுள் எத்தனை பேர், தாம் பயன்படுத்தும் கருவி யாருடையது, ஏன் அதற்கு விலையில்லை என்று கேட்டிருப்பர்? ஆசிரியர்களாகிய நம்மவரும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. பாடநூலில் அக்கேள்விக்குப் புள்ளி இல்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளவேண்டும். மொழி வேறு, தொகுப்பி வேறு. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த நிக்லாவுஸ் விர்த் (2024ஆம் ஆண்டின் முதல் நாளில் காலமானவர்) 1970இல் பாஸ்கல் மொழியின் வரைவை உலகுக்கு வெளியிட்டார். இச்சொல்லுக்கு இது பொருள், இவ்வாக்கியம் இவ்வாறு அமையவேண்டும் என்று விதிக்கும் இலக்கணம் அது. யாரும் படிக்கலாம், யாரும் அவ்விலக்கணப்படி நிரல் எழுதலாம். ஆனால் தாளில் எழுதிய நிரல் தானாக இயங்காது. அதனை இயந்திரம் அறிந்த எண்களாக மாற்றித்தர ஒரு கருவி வேண்டும். கம்பைலர் என்று வழங்கும் தொகுப்பி அதுவே. மொழி ஊருக்குப் பொதுவாயிருந்து தொகுப்பி ஒருவனுக்கு மட்டும் சொந்தமாயிருந்தால், மொழியும் நடைமுறையில் அவனுக்கே சொந்தம். தமிழ் எவருடைய தனிச்சொத்துமன்று. தொல்காப்பியத்தைப் பின்பற்றியமைக்காக எவரும் உரிமத்தொகை கட்டியதில்லை. ஆனால் நாட்டில் ஒரேயொரு அச்சகம் இருந்து, அதன் சாவி ஒருவன் மடியில் இருக்குமானால், தமிழில் எழுதும் சுதந்திரத்துக்கு என்ன மதிப்பு?

பாஸ்கலின் வரலாறு முழுவதும் இந்தச் சாவியைப் பற்றிய வரலாறே எனலாம்.

எழுபதுகளில் விர்த்தின் குழுவினர் ஒரு நுட்பமான வழியைக் கண்டனர். அக்காலத்தில் ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு பாஷை பேசியது. ஒன்றுக்கு எழுதிய தொகுப்பி இன்னொன்றுக்கு உதவாது. எனவே அவர்கள், உலகில் எங்குமே இல்லாத ஒரு கற்பனை இயந்திரத்தை வகுத்துக்கொண்டு, அதற்குரிய கட்டளைகளை ஆக்கும் தொகுப்பியை எழுதினார்கள். அதனைப் பெறுபவர், தம்மிடமுள்ள இயந்திரத்தில் அக்கற்பனை இயந்திரத்தைப் போல நடிக்கும் சிறியதொரு நிரலை எழுதினாற் போதும்; முழுத் தொகுப்பியும் அவர் ஊரிலேயே இயங்கத் தொடங்கிவிடும். இத்தொகுதி பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டது. அதன் செயலாக்கக் குறிப்புகளை எழுதியவர்களுள் கேசவ் நோரி என்னும் இந்தியரும் ஒருவர் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. இத்தகைய கருவிகளெல்லாம் வெள்ளையரின் மூளையில் தாமாக முளைத்தவை என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக அழியவில்லை.

அங்கிருந்து கலிபோர்னியாவுக்குச் சென்ற வித்து சான் டியேகோப் பல்கலைக்கழகத்திலே முளைத்தது. கென்னத் பௌல்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து, சிறு கணினிகளிலும் இயங்கக்கூடிய பாஸ்கல் அமைப்பொன்றை உருவாக்கினார்கள். மாணவர் உழைப்பு, பொதுப் பல்கலைக்கழகம், பொதுப்பணம். ஆனால் 1979இல் பல்கலைக்கழகம் அதன் விநியோக உரிமையை ஒரு வணிக நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது. பலர் கூடி வெட்டிய குளத்துக்கு ஒருவர் வேலிபோட்டார். பின்னர் அதன் விலையை நிர்ணயித்தது சந்தை. அதன் ஆயுளை முடித்ததும் சந்தையே.

அடுத்த கட்டம் கவர்ச்சியானது. 1983இல் போர்லண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கல் என்ற தொகுப்பியை 49 டொலர் 95 சதத்துக்கு விற்றது. ஏனையோர் அதனைப் பன்மடங்கு விலைக்கு விற்ற காலம் அது. தொகுப்பியை ஆக்கியவர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் என்னும் டென்மார்க் இளைஞர். வேகமானது, சிறியது, அழகானது. அந்நீலத் திரையை நினைத்து இன்றும் நெகிழ்பவர்கள் உண்டு. அவர்கள் நெகிழ்ச்சியை நாம் பழிக்கவில்லை. நல்ல கைவினை எங்கிருந்தாலும் நல்ல கைவினையே. 1989இல் வெளிவந்த பதிப்பிலே பொருள்நோக்கு நிரலாக்கமும் அதனுள் புகுந்தது.

பொருள்நோக்கு என்பதைச் சிறிது விளக்கவேண்டும். பழைய முறையில் தரவுகள் ஒருபுறமும் அவற்றின்மீது செய்யும் தொழில்கள் மறுபுறமும் கிடக்கும். பொருள்நோக்கு முறையிலோ ஒரு பொருளும் அதற்குரிய செயல்களும் ஒன்றாகக் கட்டப்படும். வெளியார் அப்பொருளின் உள்ளே கைவிட்டுக் குழப்ப முடியாது. அன்றியும், ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்பைப் பிறப்பிக்கலாம். தாய் வகுப்பின் இயல்புகள் யாவும் சேய் வகுப்புக்கு வரும். இதற்கு மரபுரிமை என்று பெயர். எத்தனை சேய்கள் பிறந்தாலும் தாயின் சொத்து ஒரு துளியும் குறைவதில்லை. பாகப்பிரிவினை இல்லாத மரபுரிமை! காணித்துண்டுக்காக நீதிமன்றப் படிகளைத் தேய்க்கும் நம்மவர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அறிவின் இயல்பே இதுதான். பகிர்ந்தாற் குறைவது நிலம். பகிர்ந்தாற் குறையாதது அறிவு. குறையாத ஒன்றுக்கு வேலிபோட்டுக் குறையுடையதாக ஆக்கினாலன்றி அதனை விற்க முடியாது.

டர்போ பாஸ்கலுக்கு மீள்வோம். 1992இல் அதன் ஏழாம் பதிப்பு வந்தது. அதன் பின்னர் நிறுவனத்தின் நாட்டம் விண்டோசின் பக்கம் திரும்பிற்று. 1995இல் டெல்ஃபை வந்தது. பழைய டொஸ் இயந்திரங்களுக்கான பாஸ்கல் கைவிடப்பட்டது. இதில் நிறுவனம் செய்த குற்றம் ஏதுமில்லை. உடைமையாளனுக்கு விற்கும் உரிமை மட்டுமன்று, கைவிடும் உரிமையும் உண்டு. பிந்திய உரிமையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தொழிற்சாலையை மூடும் முதலாளியை நாம் அறிவோம். கருவியை மூடும் முதலாளியை அறிவதற்குச் சற்றுக் காலம் பிடிக்கிறது. ஏனெனில் அங்கே வாயிற்கதவு இல்லை, பூட்டு இல்லை, வேலையிழந்தவர் ஊர்வலமும் இல்லை. கருவி ஒருநாள் பழையதாகிவிடுகிறது. அதைக் கற்றவர்களும் பழையவர்களாகிவிடுகிறார்கள்.

ஜெர்மனியில் ஃபுளோரியான் கிளெம்ப்ஃபிள் என்ற மாணவர் 1993இல் தாமே ஒரு பாஸ்கல் தொகுப்பியை எழுத முனைந்தார். அவர் கையில் இருந்தது அதே டர்போ பாஸ்கல்தான். பிறருக்குச் சொந்தமான அக்கருவியைக் கொண்டே, அக்கருவி தேவைப்படாத நிலையை உண்டாக்கும் முயற்சி அது. 1995 மார்ச்சில் அத்தொகுப்பி தன்னைத் தானே தொகுத்துக்கொள்ளும் ஆற்றலைப் பெற்றது. தன்னைத் தானே தொகுப்பது என்றால் என்ன? அத்தொகுப்பி பாஸ்கலில் எழுதப்பட்டது. அந்நாள்வரை அதனை இயந்திர வடிவுக்குக் கொணர டர்போ பாஸ்கல் வேண்டியிருந்தது. அன்றுமுதல் வேண்டியதில்லை. கொல்லன் தன் சம்மட்டியைத் தானே அடித்துக்கொண்ட நாள் அது. படிப்படியாகப் பல நாட்டவர் வந்து சேர்ந்தனர். 2000ஆம் ஆண்டு யூலையில் முதலாம் பதிப்பு வெளிவந்தது. டெல்ஃபையின் பொருள்நோக்கு வடிவத்தையும் அது விளங்கிக்கொண்டது. இன்றும் அது உயிரோடிருக்கிறது. அதனை ஈன்ற டர்போ பாஸ்கலோ காட்சிச்சாலைக்குப் போய்விட்டது.

இப்போது நம் முதற் கேள்விக்கு வரலாம். ஃப்ரீ பாஸ்கல் நிவாரணப் பொதியா, பாடசாலையா?

விலையை மட்டும் பார்த்தால் விடை கிடையாது. இரண்டுக்கும் விலை இல்லை. உரிமத்தைப் பார்க்கவேண்டும். தொகுப்பியின் மூலநிரல் முழுவதும் குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டுள்ளது. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஒரேயொரு நிபந்தனை: திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது, தான் பெற்ற அதே உரிமைகளை அவருக்கும் கொடுக்கவேண்டும். குளத்தில் நீர் அள்ளலாம், குளத்துக்கு வேலிபோடலாகாது. சான் டியேகோவில் நேர்ந்தது இங்கே நேராதிருக்கவே இந்நிபந்தனை. அதே வேளையில், தொகுப்பியோடு சேர்த்து வழங்கும் அடிப்படை நூலகங்களுக்கு நெகிழ்வான வேறோர் உரிமம் வைத்திருக்கிறார்கள். அதன்படி, இத்தொகுப்பியால் ஒருவர் எழுதிய நிரல் அவருக்கே உரியது; அதனை விற்கவோ மூடிவைக்கவோ அவர் விரும்பினால் தடையில்லை. தீவிரவாதிகள் சிலர் இதை விட்டுக்கொடுப்பு என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. பொதுவலையைக் கொண்டு மீன் பிடித்தவனிடம் மீனுக்கு வரி கேட்பது நியாயமன்று. வலையை அறுத்துக்கொண்டு போகாதே என்பதே நியாயம்.

ஆக, பெறுபவன் இங்கே கையேந்தி நிற்கவில்லை. கொடுத்தவரோடு சம உரிமை பெற்று நிற்கிறான். மட்டக்குளியில் ஒரு மாணவி அத்தொகுப்பியிலே ஒரு பிழையைக் கண்டு திருத்துவாளாயின், ஜெர்மனியிலுள்ளவர் அதை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஆனால் அவள் அதைத் திருத்துவதையும், திருத்தியதைத் தன் தோழியருக்குக் கொடுப்பதையும் எவரும் தடுக்க முடியாது. நிவாரணப் பொதியில் இத்தகைய உரிமை எங்கே இருக்கிறது?

களவுப் பிரதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் இவ்விடத்திலேதான் விளங்கும். கொழும்புக் கடைகளில் ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான மென்பொருள்கள் சில நூறு ரூபாய்க்குத் தட்டுகளில் விற்பனையான காலத்தை நாம் அறிவோம். ஏழை மாணவன் அதை வாங்கியதை நாம் ஒழுக்கக்கேடு என்று சாட மாட்டோம். ஆயினும் அதன் விளைவை எண்ணிப் பார்க்கவேண்டும். அம்மாணவன் கற்ற முதற்பாடமே, அறிவு என்பது களவாடிப் பெறவேண்டியது, ஒளித்து வைத்திருக்கவேண்டியது என்பதாகிவிட்டது. அவன் கருவியைப் பயன்படுத்தினான். திறந்து பார்க்க முடியவில்லை, திருத்த முடியவில்லை. பழகிய கை வேறொன்றை நாடாது என்பதால், உடைமையாளனுக்கும் அதில் நட்டமில்லை. களவு உடைமையை மறுப்பதுபோலத் தோன்றினும் உண்மையில் அதனை ஏற்றுக்கொண்டுதான் நடைபெறுகிறது. கட்டற்ற உரிமமோ உடைமையின் வேரிலேயே கேள்வி எழுப்புகிறது.

இனி, ஃப்ரீ பாஸ்கலின் இன்னோர் இயல்பைப் பற்றிப் பேசவேண்டும். அதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை. ஒருமுறை எழுதினால் எங்கும் தொகுக்கலாம் என்பது அதன் முழக்கம். இன்டெல் இயந்திரங்களிலும் ஆர்ம் இயந்திரங்களிலும், விண்டோசிலும் லினக்சிலும் மக்கின்டோஷிலும், பழைய டொஸ்ஸிலுங்கூட அது இயங்கும். 2015இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலே, எண்பதுகளின் 16 பிற் இயந்திரங்களுக்கும் நிரல் ஆக்கித்தரும் வசதியைச் சேர்த்தார்கள். வணிக அறிவுள்ள எவரும் செய்யாத காரியம்! அவ்வியந்திரங்களை வைத்திருப்பவர்களிடம் பணமில்லை. ஆனால் அதுவே நம் கவனத்துக்குரியது. இயந்திரந்தோறும் பெயர்ந்து செல்லும் இவ்வாற்றலைத் தொழினுட்பச் சிறப்பு என்று மட்டும் பாடநூல்கள் கூறும். நாம் அதனை ஓர் அறநெறிப் பண்பு என்கிறோம்.

ஏனெனக் கூறுவோம். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி பிறந்தது. பெருமைக்குரிய நிகழ்ச்சி, நம்மில் பெரும்பாலோர் அதன் பிள்ளைகள். ஆனால் அக்கல்வி மலைநாட்டுத் தோட்ட லயங்களுக்கு ஏறிச் செல்லவில்லை. எழுபதுகளிலேதான் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், தேயிலை பறித்த கைகளின் வருவாயும் சேர்ந்து நடத்திய இலவசக் கல்வியில், அக்கைகளுக்குரியவரின் பிள்ளைகளுக்கு இடமிருக்கவில்லை. எழுத்தளவில் கல்வி இலவசந்தான். இலவசமான அக்கல்வி சென்றடையாத இடமொன்று இருந்தது. இன்று மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர்கள் அந்த மலைகளிலே உள்ளன. எனவே 'இலவசம்' என்று கேட்டவுடன் 'எதுவரை?' என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கணினி உலகிலும் அதே கேள்விதான். மூலநிரலைத் திறந்துவைத்துவிட்டு, அதனை இயக்க விலையுயர்ந்த புத்தம்புதிய இயந்திரம் வேண்டும் என்றால், அத்திறவுகோல் மலையடிவாரத்தோடு நின்றுவிட்ட கல்விக்கு ஒப்பானது. அலுவலகமொன்று கழித்துவிட்ட கணினியை வாங்கி, அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பயன்படுத்தும் வீட்டில் எது இயங்குமோ அதுவே அவ்வீட்டுக்கு இலவசம். 2022ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த மாற்றுவிலை, சில மாதங்களில் 360 ரூபாயளவுக்கு ஏறிற்று. கடதாசி இன்றி மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டில் டொலரில் விலை குறித்த உரிமங்களும், டொலரில் விலை குறித்த புதிய இயந்திரங்களும் யாருக்கு எட்டின? பழைய இயந்திரத்திலே எழுதிய நிரலை, நாளை புதியதொன்று கிடைக்கும்போது ஓரெழுத்தும் மாற்றாமல் கொண்டுசெல்லலாம் என்பது ஏழைக்கு வெறும் வசதியன்று. அவன் உழைப்பு வீணாகாது என்னும் உறுதி.

இவ்விடத்தில் நம் வாசகர்களுள் தொழிற்சங்க அனுபவமுடையோர் ஒரு தடையை எழுப்புவர். 'உழைப்புக்குக் கூலி என்பது நம் அடிப்படைக் கோரிக்கை. கூலியின்றி உழைத்து, அவ்வுழைப்பின் பயனை எல்லார்க்கும், பெரும் கம்பனிகளுக்குமே, வாரி வழங்குவதை முற்போக்காளர் போற்றுவது எங்ஙனம்?' தடை வலுவானது. 2014இல் உலகையே உலுக்கிய நிகழ்ச்சியொன்று அதற்குச் சான்று. இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற கட்டற்ற மென்பொருளிலே பாரதூரமான ஓட்டையொன்று கண்டுபிடிக்கப்பட்டது. கோடி கோடியாகப் பணம் புரளும் வங்கிகளும் வணிக நிலையங்களும் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு, அதுவரை ஆண்டுதோறும் கிடைத்துவந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர் என்பது அப்போதுதான் வெளியாயிற்று. பொதுக்குளத்திலே பெரும் குழாய்கள் வைத்து உறிஞ்சியவர்கள், கரை கட்ட ஒரு கூடை மண்ணும் போடவில்லை.

ஆயினும் தடையின் உள்ளே ஒரு குழப்பம் இருக்கிறது. விளைபொருள் எல்லார்க்கும் உரியதாயிருப்பது வேறு; அதை விளைவித்தவன் கூலியின்றி இருப்பது வேறு. பாடசாலை இலவசம், ஆகவே ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டாம் என்று எவராவது கூறினால் நம் ஆசிரியர் சங்கங்கள் சும்மா இருக்குமா? சூரிச்சில் விர்த்தும் அவர் குழுவினரும் பொதுப் பல்கலைக்கழகத்தின் சம்பளம் பெற்றே அத்தொகுதியை ஆக்கி உலகுக்கு அளித்தனர். அதுவே முறையான வழி. தொண்டர்கள் இரவு விழித்து ஓய்வு நேரத்திலே கட்டிக்காக்கும் இன்றைய நிலைமை, நம் திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தை ஒத்தது. வாத்தியாரின் தியாகத்தைப் போற்றலாம்; அத்தியாகத்தையே அமைப்பாக்கிவிட்டு நாம் நிம்மதியாக உறங்கலாகாது. கேட்கவேண்டியது, கட்டற்ற மென்பொருளுக்கு விலை வைப்பதன்று. அதை ஆக்குவோர்க்குப் பொதுநிதியிலிருந்து ஊதியம் வைப்பது.

பாரதியின் பாடல்கள் ஒரு காலத்தில் தனியொருவரின் உடைமையாயிருந்தன என்பதை இளைஞர்கள் நம்பமாட்டார்கள். ஏவி. மெய்யப்பச் செட்டியார் பெற்றிருந்த உரிமையை, மக்களின் கோரிக்கைக்கு இணங்கிச் சென்னை அரசு 1949இல் பெற்றுக்கொண்டது. பின்னர் அப்பாடல்கள் பொதுவுடைமையாயின. பாரதியின் குடும்பத்துக்கும் அரசு பணம் கொடுத்தது. பாட்டும் விடுதலை பெற்றது. பாடியவனின் வீட்டாரும் முற்றாகக் கைவிடப்படவில்லை. நாட்டுக்கு ஒரு கவிஞன் விடயத்தில் செய்ய முடிந்ததை, நாட்டுப் பிள்ளைகள் கையாளும் கருவியின் விடயத்தில் செய்யவே முடியாதா?

மற்றொரு தடை, முன்னதினும் கூர்மை குறைந்தது. நிரலாக்கம் கற்ற பிள்ளைகள் அந்நிய நிறுவனங்களுக்கு மலிவான கூலிகளாகத்தானே போகின்றனர் என்பர். ஆங்கிலக் கல்வி எழுதுவினைஞர்களை மட்டுமே உண்டாக்கும் என்று முன்னர் சொன்னவர்களும் உண்டு. 1947ஆம் ஆண்டு பொது வேலைநிறுத்தத்தில் கொழும்பு வீதியில் சுடப்பட்டு மாண்ட கந்தசாமி ஓர் அரசாங்க எழுதுவினைஞரே. கற்றவன் என்ன ஆவான் என்பதைக் கற்பித்தவன் தீர்மானிப்பதில்லை.

நாம் பெற்றதையே பேசிக்கொண்டிருக்கிறோம், கொடுத்ததையும் கூறவேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோளுக்குப் பின்னர், இந்நாட்டுக் கணினியாளர்கள் சில நாள்களுக்குள் 'சஹானா' என்ற மென்பொருளைத் தொண்டாக எழுதினார்கள். காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்வது அதன் பணி. மூலநிரலைத் திறந்தே வெளியிட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்திலும் அது உதவிற்று. துன்பத்தின் நடுவே பெற்ற அறிவை விலைபேசாத செயல் அது.

இன்னொன்று சிக்கலானது. சஞ்சீவ வீரவரண தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற நிறுவனத்திலே, கொழும்பு எந்திரிகள் 'பலெரினா' என்ற புதிய நிரல்மொழியை ஆக்கினார்கள். 2017இல் அறிமுகமாகி 2019இல் முதலாம் பதிப்பைக் கண்ட அம்மொழி, அப்பாச்சி உரிமத்தின் கீழ்க் கட்டற்றதாக வெளியாயிற்று. ஜாவாவின் கற்பனை இயந்திரத்தின்மீது இயங்குவதால், அவ்வியந்திரம் உள்ள இடமெங்கும் அது செல்லும். சூரிச்சின் பழைய யோசனை கொழும்பில் மறுபிறவி எடுத்தது என்று கூறலாம். தொண்டர்கள் அன்றி, சம்பளம் பெற்ற தொழிலாளர் ஆக்கியது. எனவே முன்கூறிய கூலித் தடை இங்கே எழாது. ஆனால் 2024இல் அந்நிறுவனத்தை ஐரோப்பாவின் ஈ.க்யூ.டி. என்ற முதலீட்டு நிறுவனம் 600 மில்லியன் டொலருக்கும் மேலான பெறுமதிக்கு வாங்கியது. அப்படியாயின் மொழியும் விலைபோய்விட்டதா? இல்லை. வெளியிட்ட நிரலின் உரிமம் மீளப்பெற முடியாதது. நிறுவனம் கைமாறலாம், பெயர்ப்பலகை மாறலாம். ஏற்கெனவே பொதுவில் வைத்த நிரலை எவரும் பொதுவிலிருந்து எடுக்க இயலாது. 1979இல் சான் டியேகோ மாணவர்களுக்கு இல்லாத பாதுகாப்பு அது. எனினும் அப்பாச்சி உரிமத்தில் குனூ உரிமத்தின் நிபந்தனை இல்லை. எவரும் எடுத்து, திருத்தி, திருத்தத்தை மூடிவைத்துக்கொள்ளலாம். அன்றியும் நாளை அம்மொழி எத்திசையில் வளரவேண்டும் என்பதைச் சம்பளம் கொடுப்பவரே பெரிதும் தீர்மானிப்பார். எழுதப்பட்டது நம்முடையது, எழுதப்படவிருப்பது யாருடையது? இக்கேள்விக்கு உரிமங்களால் மட்டும் விடை காண முடியாது. அது ஸ்தாபனத்தின் கேள்வி, அதிகாரத்தின் கேள்வி.

மட்டக்குளிப் பிள்ளைக்கு இவற்றினும் அண்மையான தடையொன்று உண்டு. பாஸ்கலின் மூல வரையறையில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35. 'பிகின்', 'எண்ட்' முதலிய அச்சொற்கள் ஆங்கிலம். அவற்றைத் தமிழாக்கினால் மொழி தமிழாகிவிடும் என்று எண்ணுவோர் உளர். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற கட்டற்ற நிரல்மொழி தமிழ்ச் சொற்களையே கொண்டது. பயிலத் தொடங்குவோர்க்கு அது நல்ல வாயில். ஆனால் நம் கருத்தில், முப்பத்தைந்து சொற்கள் பெருந்தடையல்ல. ஒரு வாரத்தில் மனனமாகிவிடும். பெருந்தடை, பிழை நேரும்போது தொகுப்பி பேசும் பேச்சு. அரைப்புள்ளியொன்று விடுபட்டதும் திரையிலே ஆங்கில வாக்கியமொன்று தோன்றும். தமிழ்மொழி மூலம் பயிலும் பிள்ளை அதனைப் படித்து, தான் எங்கே தவறினேன் என்று அறிவதற்குப் பதிலாக, தான் மூடன் என்று அறிந்துகொள்கிறது. நீதிமன்றத்தில் தனக்கு விளங்காத மொழியில் குற்றப்பத்திரம் வாசிக்கக் கேட்டு நின்ற நம் பாட்டனாரின் நிலை அது.

ஃப்ரீ பாஸ்கலிலே அப்பிழைச் செய்திகள் நிரலின் வயிற்றுக்குள் புதைந்து கிடக்கவில்லை. தனியொரு கோப்பிலே, சாதாரண எழுத்தாக, வரிசை எண்ணிட்டு வைக்கப்பட்டுள்ளன. வேறு மொழிச் செய்திக் கோப்பைக் கையாளும்படி தொகுப்பிக்குக் கட்டளையிடலாம். ஜெர்மன், ஒல்லாந்தம், ருஷ்யம் முதலிய மொழிகளில் அவ்வாறு செய்திருக்கிறார்கள். அதனைத் தமிழாக்க எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை; சிங்களமாக்கவும் வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே பாடசாலையின் இரு மொழிப் பிரிவினரும் அருகருகே அமர்ந்து செய்யலாம். இடர் இல்லாமலில்லை. பழைய நீலத்திரைப் பதிப்பியில் தமிழெழுத்துத் தோன்றாது. கட்டளைச் சாளரங்களிலும் நம் கொம்பும் காலும் கலைந்துவிடுகின்றன. 'லாசரஸ்' என்னும் புதிய பதிப்பியிலோ தமிழ் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அதற்குச் சற்று வலிய இயந்திரம் தேவை. எனவே எழுத்துக் காட்டும் வேலையும் இதனோடு சேர்ந்தது. செய்திகள் பல நூறு. 'எதிர்பார்க்கப்பட்டது', 'காணப்பட்டது', 'வகை பொருந்தவில்லை' என்று எளிய தமிழில் அவற்றை அமைக்க, நிரலாக்கம் அறிந்த ஓர் ஆசிரியரும், தமிழ் அறிந்த ஓர் ஆசிரியரும், தமக்கு விளங்காததை விளங்கவில்லை என்று கூறும் துணிவுள்ள பத்து மாணவரும் போதும். பாடசாலை விடுமுறை ஒன்று வேண்டும். கோப்பு திறந்தே கிடக்கிறது.